நின்றுகொண்டு கேட்ட இங்கிலீஷ்

சித்தூர் எங்கள் ஜில்லாவின் தலைநகரம். கலெக்டர் இருக்கிற ஊர். நான் அதுவரை பார்த்ததில்லை. நகரிப் பக்கத்துக் கிராமத்தில் சுவர் கட்டுகிறவன் நான். சித்தூரில் எனக்கு ஒரு வேலையும் விழுந்ததில்லை. சலோமிக்காகத்தான் போனேன். சலோமி என் மனைவி.

ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து வந்துவிட்டது. எல்லை எங்கே என்று மட்டும் தீரவில்லை. எங்கள் ஊர் மதராஸோடு போகுமா, ஆந்திராவோடு நிற்குமா என்று டீக்கடையில் பேசாத நாள் இல்லை. ஊரில் இருப்பது ஒரே ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதில் இனி தமிழா, தெலுங்கா என்று வாத்தியாருக்கே தெரியாது. சலோமி மட்டும் ஒரு முடிவோடு இருந்தாள்.

"எந்தப் பக்கம் போனா இன்னா? ரெண்டும் கத்துக்கினா போவுது. கூட இங்கிலீஷும் வந்துட்டா நம்மள யாரும் வாணாம்னு சொல்ல முடியாது."

அவள் எட்டாவது பாஸ். வாத்தியார் பயிற்சிக்குச் சித்தூரில் ஒரு மிஷன் ஸ்கூல் இருந்தது. இரண்டு வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். இனி ஸ்கூலை நடத்துகிற துரைசானி அம்மாள் நேரில் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார். அது சரியாக இருந்தால் இடம். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு எப்போதும் கிடையாது.

கிளம்பும்போது என் அக்கா வாசலில் நின்று சொன்னாள். "பொண்டாட்டிய படிக்க அனுப்பிட்டு நீ கஞ்சி காச்சிக் குடிச்சிக்கினு கெட."

கல்யாணத்துக்கு முன்பே சலோமி கேட்டிருந்தாள், மேலே படிக்க விடுவீங்களா என்று. சரி என்றிருந்தேன். சொன்னது சொன்னதுதான்.

பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். காணிப்பாக்கத்துக்குப் போகிறார்கள். அங்கே பிள்ளையார் முன்னால் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று அந்தச் சீமையில் எல்லோருக்கும் பயம். கிணற்றுத் தண்ணீர் முறையில் அவர்களுக்குள் வழக்கு. ஒருவனுக்கு எதிராக ஒருவன் சத்தியம் செய்யப் போகிறான். ஆனால் ஒரே தூக்குச் சட்டியிலிருந்து புளிச்சோறு தின்றுகொண்டு போனார்கள்.

சலோமிக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணா, எந்த பாஷையில சத்தியம் பண்ணுவீங்க?"

"தெலுங்குலதாம்மா," என்றான் தம்பி. "பூசாரி முன்னால சொல்வாரு. நாங்க பின்னால சொல்லணும்."

"அதான் எனக்குப் பயம்," என்றான் அண்ணன். "இவனுக்குத் தெலுங்கு அரைகொறை. இன்னா சொல்றோம்னே தெரியாம சத்தியம் பண்ணிட்டு வந்துடுவான். அப்பால கண்ணு அவிஞ்சி போனா இவனை யாரு காப்பாத்தறது, நான்தான்."

"நான் அவிஞ்சி போறேன், நீ சோத்தைத் துன்னு," என்றான் தம்பி.

சலோமி தம்பிக்குத் தெலுங்கு வாக்கியத்தை நாலைந்து தரம் சொல்லிக் கொடுத்தாள். என் முறையை விட்டு ஒரு சொட்டு நான் எடுத்ததில்லை, எடுத்திருந்தால் என் வீடு விளங்காமல் போகட்டும். அவன் சொல்லிப் பார்த்தான். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டான். பிறகு சித்தூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அண்ணன் மிச்சச் சோற்றை அவன் பக்கம் தள்ளி வைத்தான்.

வழியில் ஊர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனோம். ஓர் ஊரில் தமிழ் எழுத்தின் மேல் தார் பூசியிருந்தது. இன்னோர் ஊரில் தெலுங்கு எழுத்தின் மேல். இரண்டு ஊரிலும் இங்கிலீஷ் எழுத்தை யாரும் தொடவில்லை. சலோமி என் முழங்கையை இடித்துக் காட்டினாள். "பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன்.

பிறகு இங்கிலீஷ் பழக ஆரம்பித்தாள். அவளுடைய நைனா, என் மாமனார், ஒரு மிஷன் பங்களாவில் பட்லராக இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. சிறு வயதில் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து, உள்ளே துரைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்ததுதான் அவளுடைய பேச்சு இங்கிலீஷ். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது வேறு, அது பள்ளிக்கூடத்தில் வந்தது. வாயால் பேசுவது நைனாவின் சொத்து என்பாள். பஸ்ஸில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பழகினாள். எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மிஷன் கட்டடங்களில் வேலை செய்தபோது துரை சொல்லும் வார்த்தைகள் இருபது எனக்கும் தெரியும். அவள் சொன்னதில் பாதி அந்த இருபதுக்குள் இருந்தது. நமக்குப் புரிகிற மாதிரிதான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சித்தூரில் ஸ்கூல் பூட்டிக் கிடந்தது. கோடை விடுமுறை. காவல்காரர் ஒருவர் மட்டும் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். "துரைசானி அம்மா திருப்பதி பங்களாவுக்குப் போயிட்டாங்களே. ஸ்கூல் தொறக்கிற வரைக்கும் அங்கதான். உங்களுக்குச் சொல்லலியா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து திருப்பதி பக்கம். அதை விட்டுச் சித்தூருக்குச் சுற்றி வந்திருந்தோம்.

சலோமியின் முகம் விழுந்துவிட்டது. காவல்காரர் பார்த்தார். "நாளைக்கு ரயிலு கீது. இன்னைக்கு இங்கயே படுங்க," என்றார். அவர் வீட்டில் கேழ்வரகுக் களி. எங்கள் ஊரிலும் களிதான். ஆனால் இங்கே உருண்டை பெரியது, நடுவில் குழி செய்து வேர்க்கடலைச் சட்னி ஊற்றினார்கள். நான் இரண்டு உருண்டை தின்றேன். சலோமி அரை. "பங்களா எப்படி இருக்கும்? அம்மா கோவக்காரங்களா?" என்று காவல்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கோவம்லாம் இல்ல. கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் மூஞ்சியையே பாப்பாங்க. அதான் கஷ்டம்," என்றார்.

சாப்பிட்டதும் நான் ஸ்கூல் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இரண்டு வருஷம் இவள் இருக்கப் போகிற சுவர். நல்ல சுவர்தான்.

மறுநாள் ரயில். பாகாலாவில் வெகுநேரம் நின்றது. அது ஜங்ஷன். இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தோம். எதிரே ஒரு தெலுங்கு அம்மாள், காலடியில் மாம்பழக் கூடை. பங்காருபாளையத்துப் பழமாம். பெட்டி முழுக்க வாசனை. சலோமி அவளோடு தெலுங்கில் பேச ஆரம்பித்தாள்.

அவளுடைய தெலுங்கு இங்கிலீஷ் போல இல்லை. எதிர்வீட்டுக் கௌரம்மா இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டின தெலுங்கு. அந்தப் பாஷையில் அவள் வாயைத் திறந்தால் எல்லோரும் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். முன்பு டிக்கெட் பார்க்க வந்தவரையே "நாயனா, நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். அவர் டிக்கெட்டைச் சரியாகப் பார்க்காமலே கொடுத்துவிட்டுப் போனார்.

மாம்பழக்காரி கேட்டாள். "எந்த ஊருக்குத் தல்லி?"

"திருப்பதி, அத்தா."

"இது தர்மாவரம் போற வண்டிடி. எறங்கு, எறங்கு."

இதற்குள் வண்டி அசைந்துவிட்டது. நான் சலோமியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். துணி மூட்டை உள்ளேயே இருந்துவிட்டது. மாம்பழக்காரி அதை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினாள். பின்னாலேயே இரண்டு மாம்பழமும் வந்து விழுந்தன. "புருஷனுக்கும் கொடு. பாவம், வாயே திறக்க மாட்டேங்கறான்," என்று கத்தினாள். வண்டி போய்விட்டது.

எங்கள் வண்டி அடுத்த மேடையில் நின்றுகொண்டிருந்தது. ஓடிப் போய் ஏறினோம். ஒரு பழம் நசுங்கியிருந்தது. அதைத்தான் முதலில் தின்றோம்.

திருப்பதியில் இறங்கியதும் ஒரு நாவிதர் என் தலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். "அன்னா, மொட்டையா?" இல்லை என்றேன். "பூ முடியா? நுனி மட்டும்?" இல்லை. "பொண்டாட்டிக்கு?" இல்லை. சத்திரம் வரை வந்தார். சத்திரத்தில் குமாஸ்தாவும் அதையே கேட்டார்.

"எத்தனை மொட்டை?"

"மொட்டை இல்லீங்க."

"மலைக்குப் போகலையா? அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"இங்கிலீஷ் பேச."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாவிதரும் பார்த்தார். "இந்த ஊருக்கு வர்றவங்க சாமிகிட்ட பேச வருவாங்க. இங்கிலீஷ் பேச வந்தவனை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் குமாஸ்தா. பிறகு சலோமி தன் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பேனாவை மறுபடி எடுத்தார். "படிக்கற பொண்ணு. கோடி அறையில இருங்க. காலைல காலி பண்ணிடணும்," என்றார்.

ஓட்டலில் சாப்பாடு. பருப்புப் பொடியும் நெய்யும் முதலில். பிறகு புளிச்சகீரைத் துவையல். காரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சலோமி சிரித்தாள். எங்கள் ஊரில் இலையில் இனிப்பு முதலில் வைத்தால் கல்யாணம். இங்கே வெறும் நாளிலேயே பெரிய பெரிய லட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலுக்கு ஓடுகிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள். தகப்பன், தாய், பிள்ளை எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

காலையில் பங்களாவுக்குப் போனோம். ஊருக்கு வெளியே. நீள வராந்தா, பிரம்பு நாற்காலிகள். துரைசானி அம்மாள் உயரமானவர், தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் ஒரு போதகர், நம் மனிதர், கையில் காகிதங்களோடு. மேஜைமேல் ஒரு சின்னப் பித்தளை மணி, வேலையாளைக் கூப்பிட. நான் வராந்தாப் படிக்குக் கீழே நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது.

சலோமி "குட் மார்னிங்" சொன்னாள். அந்த அம்மாள் நாற்காலியைக் காட்டினார். இவள் உட்காரவில்லை. கைகட்டி நின்றாள். அந்த அம்மாள் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், வேகமாக. சலோமிக்குப் பிடிபடவில்லை என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் அம்மா, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அவள் வாயில் வந்தது எனக்குத் தெரிந்த வார்த்தைகள்.

"ஸ்பீக் ஸ்லோலி. டோண்ட் ஷௌட்."

அந்த அம்மாளின் பேனா நின்றது.

மிஷன் கட்டடத்தில் துரை எங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. அதே குரல், அதே வெட்டு. படியேறிப் போய்ச் சொல்லவும் முடியாது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள், நன்றாகப் பேசுகிறோம் என்கிற முகத்தோடு.

அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். சலோமி பதில் சொன்னாள். பாடப் புத்தகத்திலிருந்து என்று நினைக்கிறேன், நீளமாக இருந்தது. போதகர் தலையாட்டினார். சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது காற்று அடித்தது. மேஜைமேல் இருந்த காகிதங்கள் தரையெல்லாம் பறந்தன. வயதான அந்த அம்மாள் குனிந்து எடுக்கப் போனார். சலோமிக்குப் பொறுக்கவில்லை. பெரியவர் குனியக் கூடாது. ஓடிப் போய்க் கையை நீட்டித் தடுத்தாள்.

"டோண்ட் டச். சிட் டௌன். குயிக்."

நீங்கள் ஏன் அம்மா சிரமப்படுகிறீர்கள், உட்காருங்கள், நான் எடுக்கிறேன். அவள் சொன்னது இதுதான். அவள் மனசு தெரிந்த எனக்கு அப்படித்தான் கேட்டது.

அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

போதகர் எழுந்துவிட்டார். "ஏம்மா, யாருகிட்ட பேசறன்னு தெரியுதா உனக்கு?"

சலோமி காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாங்கய்யா? தப்பா சொல்ட்டனா?"

"வேலைக்காரங்களுக்குச் சொல்றாப்பல சொல்றியேம்மா. வந்ததிலேந்து ஒவ்வொரு பேச்சும் அதட்டல்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே தெரிந்துகொண்டாள்.

அந்த அம்மாள் கையை உயர்த்திப் போதகரை நிறுத்தினார். பிறகு தெலுங்கில் கேட்டார். அவர் பேசியது புத்தகத் தெலுங்கு. அதனால் புத்தகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"இந்த இங்கிலீஷை உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?"

"எங்க நைனா, அம்மா."

"அவர் என்ன வேலை செய்தார்?"

"பங்களாவுல பட்லர். சொல்லித் தர்ல அம்மா. சமையக்கட்டு வாசல்ல உக்காந்து நானே கேட்டுக்குவேன். துரைங்க நைனாகிட்ட இன்னா சொல்றாங்களோ, அது." கொஞ்சம் நிறுத்தினாள். "நைனா வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ஒருதரம் எனக்குச் சொல்லிக் காட்டுவாரு. அது அதட்டுற பேச்சுன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

அந்த அம்மாள் காவல்காரர் சொன்ன மாதிரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. அவர் கை மேஜைமேல் இருந்த மணி வரை போனது. தொடாமல் திரும்பி வந்தது. எழுந்து உள்ளே போனார். ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து சலோமியின் கையில் கொடுத்தார்.

போதகர் தாழ்ந்த குரலில் சொன்னார். "எழுத்துல நல்ல மார்க்குதாம்மா. ஆனா இந்தப் பேச்சோட கிளாஸ்ல எப்படி நிறுத்தறது? பசங்களும் இதையே கத்துக்குமே."

அது நியாயம்தான். எனக்கே தெரிந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"ஸ்கூல் திறக்க இன்னும் நாள் இருக்கிறது," என்றார் அந்த அம்மாள், தெலுங்கில், சலோமியிடம். "அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். நீயும் இங்கே தங்கு. பாடம் எதுவும் வேண்டாம். மூன்று வேளையும் என்னோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேச வேண்டும். இங்கே வருகிறவர்களும் பேசுவார்கள். கிளம்புகிற அன்றைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி கேட்பேன். அப்போது இடம் உண்டா இல்லையா என்று சொல்கிறேன்."

"மேஜையில வாணாம் அம்மா. ஓரமா நிக்கறேன். நின்னுகினே கத்துக்கறேன்."

"நின்றுகொண்டு கேட்டால் இதே இங்கிலீஷ்தான் வரும்," என்றார் அந்த அம்மாள்.

சலோமி மறுபடி என்னைப் பார்த்தாள். நான் மூட்டையை இறக்கி வராந்தாவில் வைத்தேன். அதில் பாதி அவள் துணி.

அன்று மத்தியானமே ஆரம்பித்தது. என்னையும் மேஜைக்குக் கூப்பிட்டார்கள். என் கையைக் காட்டினேன், சுண்ணாம்பு தின்ற கை. வாணாம் என்று பின்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே சமையல்காரர், யாக்கோபு என்று பேர், என் தகப்பன் வயது. சமையல்கட்டுத் தரையில் எனக்குத் தட்டு வைத்தார். உள்ளே ஒரு பாத்திரம் கொண்டுபோனார். வந்தார். இன்னொன்று கொண்டுபோனார். தட்டு வைக்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

"கோவமா பெரியவரே?" என்றேன்.

"உன் மாமனார எனக்குத் தெரியும்," என்றார். "மிஷன் கூட்டத்துக்கெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணா சமைச்சிருக்கோம். நல்ல கை. அவரும் நானும் எத்தினி மேஜைக்கு வெச்சிருப்போம். ஒரு நாளு, ஒரு வா, அதுல உக்காந்து துன்னதில்ல. இப்ப அவரு பொண்ணுக்கு நான் கைகட்டி நின்னு பரிமாறணும்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"நான் கிட்ட போறப்பல்லாம் எழுந்து நிக்கிது," என்றார். "நாலுதரம் எழுந்துடுச்சி. துரைசானி உக்காருன்றாங்க, உக்காருது. நான் கொழம்பு கொண்டுபோனா மறுபடி எழுந்துக்குது. சோறு எப்படி எறங்கும்?"

குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். திரும்பினார். "கரண்டிய எந்தக் கையில புடிக்கறதுன்னு முழிச்சிச்சி. பின்னால நின்னு கண்ணால காட்னேன். புடிச்சிக்கிச்சி." சட்டியில் துழாவி ஒரு பெரிய துண்டுக் கறியைத் தேடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பிறகு உள்ளே போனார். இந்தத் தரம் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. யாக்கோபுவின் குரல் மட்டும் தமிழில் கேட்டது. "உக்காந்து துன்னும்மா. உங்க நைனாவுக்கும் சேத்துத் துன்னு."

வண்டிக்கு நேரமாகிவிட்டது. சலோமி கேட் வரை வந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதாயா என்று நான் கேட்கவில்லை.

"இன்னா துன்னுவீங்க?" என்றாள்.

"எதுனா."

"அக்கா வீட்டுக்குப் போங்க. அது திட்டும். திட்டிக்கினே சோறு போடும்."

"சரி."

"எனக்கு வராதுங்க. வாயத் தொறந்தாலே அதட்டலா வந்துடுமோன்னு கீது. உள்ள பூரா ஊமை மாரி உக்காந்துகினு இருந்தேன். நம்ம ஊருக்கே வந்துடட்டா?"

எனக்குப் பேச்சு வராது. அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். "எங்கிட்ட அதட்டேன். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பங்களாப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு நைனாவின் இங்கிலீஷில், துரை குரலில் சொன்னாள்.

"கோ ஹோம். ஈட் வெல். கம் சண்டே. டோண்ட் பி லேட்."

எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். நிறைய பேர் என்னிடம் சொன்ன வார்த்தைகள்தான். அன்றைக்கு மட்டும் கேட்க வேறு மாதிரி இருந்தது. "எஸ் மேடம்," என்றேன். சிரித்தாள்.

திரும்பும் வண்டியில் கூட்டம். லட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று வந்தேன். யாரோ எந்த ஊர் என்று கேட்டார்கள். நகரிப் பக்கம் என்றேன். ஆந்திராவா மதராஸா என்றார்கள். இன்னும் தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்குக்கூட நிற்காமல் முதல் வண்டிக்குப் போனேன். பங்களா வராந்தாவில் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர், துரைசானி அம்மாள், சலோமி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடி வரவில்லை. படி வரை நடந்து வந்து, என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மெதுவான குரல். கடைசி வார்த்தை டீ. மற்றது என் இருபது வார்த்தைகளில் இல்லை.

போய்க் கொண்டுவரச் சொல்கிறாள் என்று நினைத்து, பின்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறீங்க? டீ சாப்பிடறீங்களான்னு கேட்டேங்க," என்றாள்.

எனக்கு இங்கிலீஷில் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டது இவள்தான் முதலில்.

சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். வேண்டாம் என்றாலும் சரி என்பது போல் நின்றாள். பின்னால் அந்த அம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தார். இடம் கிடைத்துவிடும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இரண்டு வருஷம் என்பதும் தெரிந்தது.

சாப்பிடுகிறேன் என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.